பத்தொன்பது நிமிடம்

பத்து மணிக்குத் தொடங்கிய சோதனை பத்து பதினொன்றுக்கு முடிந்துவிட்டது. சுமலதா திரையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையேதான் சொல்லின. பதினொரு நிமிடம்.

பத்தொன்பது ஆகியிருக்க வேண்டும். போன வாரம் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தபோது மூன்று நாளும் பத்தொன்பதுதான் ஆனது. அந்தப் பத்தொன்பதை நம்பித்தான் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு அய்யப்பனை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனிக்கும் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்தது அவர்கள் அலுவலகம். பிரான்சு நாட்டுப் பழைய பத்திரிகைகளின் பக்கங்கள் படமாக வரும். நாற்பது பேர் உட்கார்ந்து அவற்றை வெட்டி, நேராக்கி, எழுத்தாக மாற்றி, மாலைக்குள் பாரீசுக்குத் திருப்பி அனுப்புவார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சர்வரில் கிடந்தன. நாலு மாதமாக அந்த சர்வர் நொண்டியது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாரீசிலிருந்து கோபமாக மெயில் வர ஆரம்பித்தது.

டிஸ்கில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது, கேட்டால் எப்படித் தேடி எடுப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். கம்பெனி தொடங்கிய நாளில் அய்யப்பன் போட்டுவைத்தது எக்ஸ்ட்-3. எக்ஸ்எஃப்எஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது வேகமாம் என்று முதலாளி தெய்வசிகாமணி எங்கோ கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது மேல் என்று எழுதித் தரும் வேலையை சுமலதாவிடம் கொடுத்தார். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், எட்டு மாதமாக ட்ரெய்னி. யாரோடும் அதிகம் பேசமாட்டாள், அதனால் பொய்யும் சொல்லமாட்டாள் என்பது அவர் கணக்கு.

பழைய சர்வருக்குப் பக்கத்திலேயே, அதே ரேக்கில், அதே மாதிரி இன்னொரு மெஷினை வைத்து ஓட்டினாள். ஒரு லட்சம் சின்னக் கோப்புகளை எழுதி, படித்து, அழிக்க வேண்டும். எக்ஸ்ட்-3 பத்தொன்பது நிமிடம் எடுத்தது. எக்ஸ்எஃப்எஸ் பத்தரை நிமிடத்தில் முடித்தது. மூன்று நாளும் அப்படியே.

தெய்வசிகாமணி அந்த அட்டவணையை இரண்டு முறை படித்தார். "பாதிக்குப் பாதி. இவ்ளோ நாளா நம்மள கட்ட வண்டியில உக்கார வச்சிருக்கான்" என்றார்.

யாரையாவது அனுப்புவார்கள் என்று அவள் நினைக்கவேயில்லை. சனிக்கிழமைதான் சொன்னார்கள். செவ்வாயோடு அய்யப்பன் கிடையாது, அந்த நாற்காலி உனக்கு, ட்ரெய்னி என்ற பட்டமும் போய்விடும் என்று. இன்றைக்கு ஓட்டியது வெறும் சடங்கு. பாரீசுக்கு அனுப்பும் அட்டவணையில் புதுத் தேதி இருக்கட்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார்.

அவள் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். முன்பு படித்தது நினைவகத்தில் தங்கியிருந்தால் அடுத்த ஓட்டம் சீக்கிரம் முடியும். அப்படி ஏதாவது இருக்கும். இருக்க வேண்டும். கோப்புகளை எண்ணினாள். ஒரு லட்சம், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. மறுபடி ஓட்டினாள்.

பதினொன்றாவது நிமிடம் கர்சர் வந்து நின்றது.

கதவு திறந்தது. அவள் விரல் தன்னால் போய் ஒரு விசையைத் தட்டியது. திரை கறுப்பானது.

அய்யப்பன் ஓர் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தான். முப்பத்திரண்டு வயது, வில்லியனூர்க்காரன். அந்த அறையில் ஓடிய ஒவ்வொரு ஒயரையும் அவன்தான் இழுத்திருந்தான். பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், இரண்டு தடிப் புத்தகம், பிள்ளையின் போட்டோ.

"இன்னா மேடம், நாற்காலி உயரம் சரியா இருக்குதா, ஏத்தி விட்டுட்டுப் போவட்டா?"

முன்பெல்லாம் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். சனிக்கிழமையிலிருந்து மேடம்.

"அண்ணா…"

"நான் போட்டத என் கண்ணு முன்னாலயே இன்னொரு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னாரா? வந்திச்சா பத்தொம்பது?"

"ஓடிக்கினு இருக்குதுணா" என்றாள். சொன்ன பிறகு காது சுட்டது.

அவன் அலமாரியிலிருந்து தன் கேபிள் டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் போட்டான். "ஓடட்டும், ஓடட்டும். போவற அன்னிக்காவது தலவலி இல்லாம போறேன். பக்கத்து பட்டறைக்கு மாசி மகம் லீவு. ரூமு கோயிலாட்டம் இருக்குது பாரு. நமக்குத்தான் பாரீசு சாமி லீவு தரமாட்டுது."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏசியின் இரைச்சல் கேட்டது. சர்வர் விசிறிகள் கேட்டன. வேறு ஒன்றும் கேட்கவில்லை. டம், டம் என்று காலை ஒன்பதிலிருந்து சுவர் வழியே வந்துகொண்டேயிருக்கும் அந்த இடி இல்லை. அது எப்போதும் இருந்ததால் அவள் அதைக் கேட்பதையே விட்டிருந்தாள்.

எழுந்து ரேக்கின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு ரேக் முதுகு சாய்ந்திருந்த சுவரில் வைத்தாள். அந்தச் சுவர்தான் பட்டறைக்கும் சுவர்.

நோட்டை எடுத்தாள். கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் எழுதிவைப்பாள். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி. மூன்று நாளும் ஒரே வரிசை, ஒரே நேரம். ஒன்றும் மாறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். பத்து மணிக்கு எக்ஸ்ட்-3. பிறகு டிஸ்கை அழித்து, மறுபடி தயார் செய்ய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு மணிக்கு எக்ஸ்எஃப்எஸ். மற்றவர்கள் கேண்டீனில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் நேரம். அங்கே போய் உட்காரக் கூச்சப்பட்டு இவள் இங்கேயே டப்பாவைத் திறந்துகொண்டு திரையைப் பார்த்தபடி சாப்பிடுவாள். அவ்வளவு நேரமும் யாரும் வந்து ஏனென்று கேட்கமாட்டார்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு வரை பட்டறையிலும் சாப்பாட்டு நேரம்.

டிஸ்க் என்பது சுழலும் தட்டு. தட்டுக்கு மேலே மயிரிழை உயரத்தில் ஒரு முள் பறந்து பறந்து படிக்கிறது. இடித்துக்கொண்டேயிருந்தால் முள் தடம் தவறும், திரும்ப வந்து தேடும். ஒவ்வொரு கோப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு லட்சம் கோப்புக்கு எட்டு நிமிடம். மூன்று நாளும் எக்ஸ்ட்-3 இடியில் ஓடியது, எக்ஸ்எஃப்எஸ் அமைதியில் ஓடியது. அவள் அளந்தது ஃபைல் சிஸ்டத்தை இல்லை. சுவரை.

தீபாவளி முடிந்த வாரம் முதலாளி ஆறு புது மேசை போட இடமில்லையென்று ரேக்கை இந்தச் சுவரோரம் தள்ளச் சொன்னார். அதே மாதம் பட்டறைக்குத் தகடு அடிக்கும் பெரிய ப்ரெஸ் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. நாலு மாதம்.

மணி பத்தே முக்கால்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டவணையில் பத்தொன்பது என்று எழுதிவிடலாம். எக்ஸ்எஃப்எஸ் போட்ட பிறகும் நொண்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளை எழுப்பியது. நேரே போய்ச் சொன்னால் முதலாளி நம்பமாட்டார். இன்றைக்கு ஓட்டியதில் ஏதோ தப்பு என்பார். அவர் கண் முன்னால் இடி வேண்டும். இடிக்க இன்றைக்கு ஆளில்லை.

வெயிலில் இறங்கி நடந்தாள்.

பட்டறையின் பெரிய ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலில் டெம்போ நின்றது. பின்பக்கம் பாய் விரித்து இரண்டு பெண்கள் புளிச்சோற்றுத் தூக்கோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பட்டறை முதலாளி ராஜாங்கம் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சாவிக்கொத்தோடு நின்றார். ப்ரெஸ் ஓட்டும் கொளஞ்சி மஞ்சள் வேட்டியில் பின்கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

"சார்" என்றாள். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்.

ராஜாங்கம் திரும்பினார். "பக்கத்து கம்பியூட்டர் பாப்பாவா? இன்னிக்கு ஒண்ணும் ஓடலம்மா. இன்னிக்குமா சத்தம்னு வந்து நிக்கற?"

"இல்ல சார். கொஞ்சம் ஓட்டணும்."

"இன்னாது?"

"ப்ரெஸ். அஞ்சு நிமிஷம். ஓட்டுனா போதும்."

அவர் கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி அவரைப் பார்த்தார்.

"உங்க மொதலாளி எம்மேல பொல்யூஷன் ஆபீசுல ரெண்டு பெட்டிஷன் குடுத்திருக்காரு. நிறுத்து, நிறுத்து. இப்ப லீவு நாள்ல ஓட்டு. போட்டோ புடிக்கவா?"

"இல்ல சார். என்னால ஒருத்தருக்கு வேல போவுது." ஒரே மூச்சில் சொன்னாள். எப்படி என்று விளக்க முயன்றாள். முள், தட்டு, சுவர் என்று எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. "நான் தப்பா அளந்துட்டேன். உங்க மிஷினு ஓடுறப்போ அளந்தத அவர் தப்புன்னு எழுதிட்டேன். பன்னண்டு மணிக்கு அனுப்பிடுவாங்க."

டெம்போவிலிருந்து ஒரு பெண், "நேரமாவுது. சாமி கடல்ல எறங்கிடும்" என்றாள்.

"இரு, இரு. சாமிக்கு இன்னா, சாயங்காலம் வரைக்கும் கரையிலதான் நிக்கும்" என்றார் கொளஞ்சி. வேட்டியை மடித்துக் கட்டினார். "எவ்ளோ கனத்துல அடிக்கணும் பாப்பா? தகடு போட்டா, சும்மாவா?"

"டெய்லி எப்பிடி அடிப்பீங்களோ அப்பிடி."

ராஜாங்கம் சாவியை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். "பெட்டிஷன் வாபஸ் வாங்குவாரா உங்க ஆளு?"

"அது எனக்குத் தெரியாது சார்."

"வாங்குவாருன்னு சொல்லக்கூட தெரியல பாரு இதுக்கு" என்று கொளஞ்சியிடம் சொன்னார். சாவியைக் கொடுத்தார். "பதினொன்னரைக்கு அடிப்பான். அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது."

தன் முதலாளியின் அறைக்கதவைத் தட்டியபோது மணி பதினொன்று இருபது. மேசைமேல் இரண்டு கவர்கள் இருந்தன. ஒன்றில் அய்யப்பன் பெயர், இன்னொன்றில் அவள் பெயர். தெய்வசிகாமணி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பேச்சு முடிந்தது, போகலாம் என்பதை 'மெர்சி' என்று சொல்வார்.

"டேபிள் ரெடியா? குடுத்துட்டுப் போ. மெர்சி."

"சார், சர்வர் ரூமுக்கு வரணும்."

"எதுக்கு?"

"ரிப்போர்ட் தப்பு சார்."

அவர் பேனாவை மூடினார். ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தார். அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தாழ்வாரத்தில் அய்யப்பன் பெட்டியைக் காலடியில் வைத்து நின்றிருந்தான். அவர்கள் போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

சின்னச் சோதனை ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். பத்தாயிரம் கோப்பு, எக்ஸ்ட்-3. விசையைத் தட்டினாள். மூவரும் நின்று பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஐந்து நொடி.

"இதே டெஸ்ட மறுபடி ஓட்டறேன் சார்" என்று மெஷினை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வர மூன்று நிமிடம் ஆனது. பதினொன்று முப்பது ஆனது. முப்பத்தொன்று. சுவர் சும்மா இருந்தது.

"என்னம்மா?" என்றார் முதலாளி.

பட்டறைக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் திருப்பியபோது முதல் அடி விழுந்தது. டம். இரண்டாவது. ரேக்கின் கண்ணாடிக் கதவு கிணுகிணுத்தது. விசையைத் தட்டினாள்.

ஒரு நிமிடம் ஐந்து நொடி கடந்தது. ஒன்றரை நிமிடம். திரையில் எண்கள் தயங்கித் தயங்கி ஏறின. அய்யப்பன் மெதுவாக முன்னால் வந்து, அவள் செய்தது போலவே ரேக்கின் சட்டத்தில் கையை வைத்தான். எடுக்கவில்லை.

ஒரு நிமிடம் ஐம்பத்தாறு நொடி.

இன்னும் சில அடி விழுந்து நின்றது. டெம்போ கிளம்பும் சத்தம் கேட்டது.

"பத்தொம்பதும் பதினொன்னும்" என்றான் அய்யப்பன். தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எக்ஸ்எஃப்எஸ்ஸ நான் சாப்பாட்டு நேரத்துல ஓட்டினேன் சார். அப்போ ப்ரெஸ் நின்னிருக்கும். அதான் வேகமா வந்திருக்கு. சரியா அளந்தா ரெண்டுக்கும் அர நிமிஷந்தான் வித்தியாசம். சர்வர் நொண்டுறது ஃபைல் சிஸ்டத்தால இல்ல." அடுத்த வாக்கியத்தைச் சொல்ல அவள் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. "ரேக்கு இந்தச் சுவரோரம் வந்ததால."

ரேக்கைத் தள்ளச் சொன்னது யார் என்று மூவருக்கும் தெரியும். தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"பாரீசுக்கு நேத்தே எழுதிட்டேன். ஃபைல் சிஸ்டம் மாத்தறோம், பொறுப்புல இருந்த ஆள மாத்தறோம்னு. இப்ப நான் இன்னான்னு எழுதுவேன்? சுவத்த மாத்தறேன்னா?"

அய்யப்பன் ரேக்கிலிருந்து கையை எடுத்தான். "நான் கெளம்பறேன் சார். பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துடறேன்."

"இருடா" என்றார் முதலாளி. எந்தப் பக்கமும் போகலாம் என்பதுபோல அந்த 'இருடா' தொங்கிக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட்ல என் பேருதானே சார் இருக்கு" என்றாள் சுமலதா. "அது தப்புன்னு நானே எழுதறேன். நான் எழுதினதப் பார்த்துதான் நீங்க அப்பிடி எழுதினீங்கன்னு எழுதறேன்."

"எழுதினா உன் கவர நான் கிழிச்சுடணும். தெரியுமில்ல? தப்பா அளந்தவள கன்ஃபர்ம் பண்ணேன்னு கேப்பாங்க."

"தெரியும் சார்."

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். முதலில் மூன்று எழுத்தை அழித்து எழுதினாள். பிறகு சரளமாக வந்தது. எந்த நேரத்தில் எதை ஓட்டினேன், என்ன கவனிக்கவில்லை, இன்று எப்படிக் கண்டேன், உண்மையான எண்கள் எவை. ஏழு வரி. அய்யப்பனின் அமைப்பில் எந்தக் குறையும் இல்லை என்பது ஏழாவது வரி. கீழே தன் பெயர்.

தெய்வசிகாமணி குனிந்து படித்தார். ரேக்கை நகர்த்தியது யார் என்று அதில் எங்காவது வருகிறதா என்று மேலிருந்து இன்னொரு முறை தேடினார். வரவில்லை. அவரே மவுஸைப் பிடித்து அனுப்பும் பொத்தானை அமுக்கினார்.

நிமிர்ந்தவர் அய்யப்பனைப் பார்க்காமல் கேட்டார். "ரேக்க எங்க வைக்கலாம்?"

அய்யப்பன் தாழ்வாரத்தில் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"கேண்டீன் பக்கத்து ஸ்டோர் ரூம். குடம் கம்பெனி பக்கம் அடி கிடையாது. பன்னண்டரைக்கு எல்லாரையும் லாக் அவுட் பண்ணச் சொல்லணும்."

"சொல்றேன்." கதவருகே நின்றார். "உன்ன ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்மா" என்று சுமலதாவிடம் சொன்னார். "மெர்சி" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அய்யப்பன் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தான். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒயர்களைப் பிடுங்கி, எது எங்கே என்று காகிதம் ஒட்டினான். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"மூணு நாளு ஓட்டினியே. ஒரு நாளாவது என்னக் கூப்ட்டு, அண்ணா இப்பிடி வருதுன்னு கேட்டிருக்கலாமில்ல?"

"பயமா இருந்திச்சுணா."

"காலையில பத்தொம்பது வந்திச்சான்னு கேட்டப்போ?"

"அப்பவும்."

"பட்டறைக்காரன்கிட்ட போயி நின்னப்போ?"

"அப்ப இன்னும் ஜாஸ்தி."

அவன் சிரிக்கவில்லை. கோபம் தீர்ந்த முகமாகவும் இல்லை. ரேக்கின் ஒரு பக்கத்தைச் சுவரிலிருந்து அரையடி இழுத்தான்.

"அந்தப் பக்கம் புடி சுமலதா" என்றான். "மொதல்ல உம்பக்கம் தூக்கு. சக்கரம் ஒண்ணு ஒடஞ்சிருக்கு."